முந்தானைப் பை

ராமசெல்வி மேடத்துக்கு வருஷத்தில் நாலு தடவை ஊரைத் திருத்தியாக வேண்டும். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், அப்புறம் ஆடித் தள்ளுபடி. மற்ற நாட்களில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் அவருடைய ‘செல்வி ஹேர் அண்ட் பியூட்டி’யில் முடியையும் புருவத்தையும் மட்டும் திருத்துவோம். அதையும் நானும் ரோசியும்தான் செய்வோம். மேடம் கல்லாவில் உட்கார்ந்து, எதிரே இருக்கிற கண்ணாடியில் தன்னைத்தானே மேற்பார்வை பார்த்துக்கொண்டிருப்பார்.

என் பெயர் சங்கமித்ரா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து பஸ் மாறி வேலைக்கு வருகிறவள். எனக்குக் கத்தரி பிடிக்கத் தெரியும், வாயை அடக்கத் தெரியாது என்று அம்மா சொல்வாள். மேடத்திடம் வேலை பார்த்த வருஷங்களில் நிறையவே அடக்கினேன். அதையெல்லாம் சேர்த்துவைத்துத்தான் இங்கே கொட்டுகிறேன்.

மேடத்தின் தர்மம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்களை வேனில் ஏற்றி ராயபுரத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு சீப்பு கொடுத்தார். பாதிப் பேருக்குத் தலையில் முடியே கிடையாது. ஒரு பெரியவர் சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதால் முதுகைச் சொறிந்துகொண்டார். அதைப் படம் எடுக்க மேடம் விடவில்லை. முடி இருக்கிறவர்களாகப் பொறுக்கி முன்வரிசையில் நிறுத்தச் சொன்னார்.

அப்புறம் வந்தது பசுமை. நகரத்துக்குள் ஏதோ பெரிய ஓட்டலில் பார்லர்காரர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. மேடம் போய்விட்டு வந்தார். மறுநாளிலிருந்து பச்சைப் புடவையாகக் கட்ட ஆரம்பித்தார். வாடிக்கையாளர்களுக்கு மாதம் ஒரு அட்டை, ‘பசுமையே அழகு’ என்று மேலே போட்டு, கீழே யோசனைகள்.

ஷவரில் குளிக்காதீர்கள், வாளியில் குளியுங்கள் என்று ஒரு யோசனை. பார்லரைச் சுற்றியுள்ள தெருப் பெண்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுத்தான் புருவம் எடுக்கவே வருவார்கள். ஷவரை அவர்கள் சினிமாவில் பார்த்ததோடு சரி. காரில் தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகச் சேர்ந்து போங்கள் என்று இன்னொன்று. எங்கள் ஷேர் ஆட்டோவில் டிரைவர் மடியைத் தவிர எல்லா இடத்திலும் ஆள் உட்கார்ந்திருக்கும். மாசில்லாக் காற்றை ஆழமாகச் சுவாசியுங்கள், சருமம் பொலிவு பெறும் என்று மற்றொன்று. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால் எங்கள் வெள்ளைத் துண்டெல்லாம் சாயங்காலத்துக்குள் பழுப்பாகிவிடும். மேடம் அந்தக் காற்றைக் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் கடப்பார்.

இந்த அட்டைகள் நனைந்துவிடக் கூடாது என்று பிளாஸ்டிக் உறை போட்டு லேமினேட் செய்திருந்தார். பிளாஸ்டிக் அவர்கள் வீட்டுச் சரக்கு. மேடத்தின் கணவர் உச்சிமாகாளி அண்ணாச்சி ராயபுரத்தில் பிளாஸ்டிக் பை, டப்பா, குடம் மொத்த வியாபாரம் செய்கிறார். அண்ணாச்சி பையை விற்பார், அண்ணாச்சி சம்சாரம் பையை வாங்காதீர்கள் என்று பிரசாரம் செய்வார். இரண்டிலும் குடும்பத்துக்கு நல்ல பெயர்.

அந்த வருஷம் பொங்கலுக்குத் தோன்றிய யோசனை ‘புகையில்லாப் போகி’. பழைய துணியை எரிக்காதீர்கள், எங்களிடம் கொடுங்கள், ஏழைகளுக்குச் சேர்ப்பிக்கிறோம் என்று வாசலில் பேனர் கட்டினார். மணலிப் பக்கம் புகைபோக்கிகள் ராத்திரி பகல் பார்க்காமல் ஊதிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றி பேனரில் ஒரு வார்த்தை இல்லை. வருஷத்தில் ஒருநாள் விடியற்காலையில் கிழிந்த பாயைக் கொளுத்திக் குளிர் காய்கிறவர்கள்தான் மேடத்தின் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

துணி வந்து குவிந்தது. வந்த துணியைப் பார்த்ததும் மேடத்தின் கொள்கை லேசாக நகர்ந்தது. நல்ல துணியை ஏழைகளுக்குக் கொடுத்து என்ன பிரயோஜனம்? துவைத்து, வெட்டி, பையாகத் தைத்து வாடிக்கையாளர்களுக்குப் பொங்கல் பரிசாகக் கொடுத்தால் ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்.

“அப்ப ஏழைங்களுக்கு மேடம்?” என்று கேட்டேன்.

“மிச்சம் இருக்கும்லா, அதைக் கொடுப்போம்,” என்றார். மிச்சம் என்பது ஜிப் போன பேன்ட்டும் ஒற்றைச் சாக்ஸும்தான்.

அவ்வளவு துணியையும் துவைத்துக் காயப்போட்டது சொக்கம்மாள் அக்கா. அவள்தான் பார்லரைப் பெருக்கித் துடைப்பவள், நாங்கள் வெட்டிப் போடுகிற முடியைக் கூட்டி அள்ளுகிறவள். கடலோரக் குப்பத்தில் இருந்தாள். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு பெண்கள். மூத்தவள் பூங்காவனம், கல்யாணமாகி முதல் பிரசவத்திலேயே குழந்தையோடு செத்துப்போனாள். இளையவள் செங்கொடி, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் செங்கொடிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குத் தெய்வமாகிவிடுவாள். பூவாடைக்காரி என்பார்கள். அவள் கட்டிய புடவையை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து ஒரு கூடையில் மடித்து வைத்திருப்பார்கள். வீட்டில் நல்ல காரியம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் படையல் போட்டு, அந்தப் புடவையைக் கல்யாணப் பெண்ணுக்குக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் நலங்கு, மற்றதெல்லாம். கட்டாமல் விட்டால் செத்தவள் வீட்டுக்குள் வர முடியாமல் வாசலிலேயே நின்று அழுவாளாம்.

எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் மட்டும்தான். சாமி, பேய், படையல் எதையும் அப்பா வாசல் தாண்டி விட்டதில்லை. எனக்கும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் கூடையைப் பற்றி சொக்கம்மாள் அக்கா பேசும்போது நான் கிண்டல் பண்ணியதில்லை. கடல் உள்ளே வந்த அன்றைக்கு அவள் ஸ்டவ்வை விட்டாள், ரேஷன் கார்டை விட்டாள், மூத்தவளுடைய ஒரே போட்டோவையும் சுவரில் விட்டுவிட்டுக் கூடையை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். பூங்காவனம் என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு அந்தப் புடவையை விட்டால் அவளிடம் வேறு எதுவும் கிடையாது.

மார்கழிக் கடைசியில் அதை எடுத்து மஞ்சள் தண்ணீரில் அலசினாள். எர்ணாவூரில் கொடியில் போட்டால் சாம்பல் படியும். யார் வீட்டுச் சாம்பல் என்று கேட்டால் எல்லாக் கம்பெனியும் கையை விரிக்கும். தெய்வத்துக்கு வைக்கிற புடவையில் அது படியலாமா? அதனால் ஈரத்தோடு ஒரு குண்டானில் போட்டு எடுத்துவந்து எங்கள் பார்லர் மொட்டைமாடியில் காயப்போட்டாள்.

“அங்கத்திக்கு இங்க தேவலாம் மித்ரா,” என்றாள். “சாய்ங்காலம் மடிச்சி எடுத்துகினு பூடுறேன்.”

என்னிடம் சொன்னாள், ரோசியிடம் சொன்னாள். மேடத்திடம் சொல்லவில்லை. முட்டி வலிக்கிறது என்று மேடம் அந்த மாடிப் படியை மிதித்ததே இல்லை.

அன்றைக்கு மிதித்தார். துணிப்பை தைக்கிற பக்ருதீன் பாய் வந்து, துணியெல்லாம் தைத்து முடித்தாயிற்று, முக்கியமான ஆட்களுக்குக் கொடுக்கிற மாதிரி எடுப்பாக எதுவும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். சொக்கம்மாள் அக்கா அழைப்பிதழ் கொடுக்க ராயபுரத்துக்குப் போயிருந்தாள். நானும் ரோசியும் உள்ளே ஆளுக்கொரு முகத்தில் மாவு பூசிக்கொண்டிருந்தோம். மேடம் பாயைக் கூட்டிக்கொண்டு மேலே போயிருக்கிறார். கொடியில் மஞ்சளாக, அரக்குக் கரையோடு ஒரு புடவை காற்றில் ஆடியிருக்கிறது. கேட்பானேன்?

சாயங்காலம் சொக்கம்மாள் அக்கா மாடிக்குப் போனபோது வெறும் கொடிதான் இருந்தது. மேடம் விழா வேலையாக மண்டபத்துக்குப் போயிருந்தார். பாய் துணி மூட்டையைச் சில நாள் முன்னாடியே எடுத்துப் போயிருந்தார், அன்றைக்கு மாடியேறியது எங்களுக்குத் தெரியாது, அதனால் எங்கள் புத்தி அவர் பக்கம் போகவே இல்லை. காற்றில் பறந்துவிட்டது என்று நினைத்தோம். பக்கத்து மாடிகளில் ஏறினோம், சந்தில் தேடினோம், சாக்கடையில் குச்சி விட்டுக் கிளறினோம். அக்கா தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, மஞ்சப் புடவை பார்த்தீங்களா என்று கேட்டாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் ‘புகையில்லாப் போகி’ விழா. சின்னக் கல்யாண மண்டபம், வாசலில் வாடகைக்கு எடுத்த தென்னங்கன்றுகள். பக்கத்து நகரில் மகளிர் சங்கம் நடத்துகிற தலைவி அம்மா ஒருவர் சிறப்பு விருந்தினர். மேடம் மைக்கைப் பிடித்தால் சொந்த ஊர்த் திருநெல்வேலிப் பேச்சு போய்விடும், டிவி செய்தித் தமிழ் வந்துவிடும்.

“இந்தப் பைகளைப் பாருங்கள். இது இயற்கைச் சாயம். ரசாயனம் துளியும் கிடையாது. மஞ்சளின் மருத்துவ குணத்தை நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். இதைத் தொட்டாலே சருமத்துக்கு நல்லது.”

பைகளைத் தாம்பாளத்தில் அடுக்கி மேடைக்குக் கொண்டுபோகிற வேலை சொக்கம்மாள் அக்காவுக்கு. அழுது வீங்கின கண்ணோடு வந்தவள் தாம்பாளத்தில் என்ன இருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. மேடையில் மேடம் ஒரு பையை எடுத்து விரித்துக் காட்டியபோதுதான் பார்த்தாள். அரக்குக் கரை. மஞ்சள். நடுவில் பச்சை மையில் ‘பசுமையே அழகு’ என்று அச்சு.

அப்படியே நின்றுவிட்டாள். “நகருங்க, நகருங்க,” என்று மேடம் சிரித்த முகம் மாறாமல் பல்லிடுக்கில் சொன்னார். அக்கா தாம்பாளத்திலிருந்து ஒரு பையை எடுத்து முகத்தில் வைத்து முகர்ந்தாள்.

“ஐயோ, இது எம் பொண்ணும்மா,” என்றாள்.

மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஏதோ நன்றி சொல்கிறாள் என்று நினைத்து ஜனம் கைதட்டியது. என் ஆயுசில் அப்படி ஒரு கைதட்டலைக் கேட்டதில்லை. இனிமேலும் கேட்க வேண்டாம். நான் மேடையேறித் தாம்பாளத்தை வாங்கிக் கீழே வைப்பதற்குள் மேடம் ஆள் விட்டு அதையும் அக்கா கையிலிருந்த பையையும் எடுத்துக்கொண்டு பரிசு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

விழா முடிந்ததும் மண்டபத்து மேக்கப் அறையில் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னோம். டிவி செய்தி போய் திருநெல்வேலி திரும்பி வந்தது.

“எங்க ஊர்லயும் கன்னிக்குச் சேலை வச்சுக் கும்பிடுவாவ. எனக்குத் தெரியாதா? அப்பேர்ப்பட்ட சேலையைத் தானத்துக்கு வந்த துணி காயுத கொடியிலயா போடுவாவ? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லணும்லா. தப்பு யாரு மேல?”

“எம் மேலதாம்மா தப்பு,” என்றாள் சொக்கம்மாள் அக்கா. “அந்தப் பைங்கள மட்டும் திருப்பி வாங்கிக் குடுத்துடு. நான் ஒட்டுப் போட்டுக்குறேன்.”

“கொடுத்த கிஃப்ட்டைத் திருப்பிக் கேக்கதா? சனம் காறித் துப்பும். உனக்கு நான் புதுச் சேலை எடுத்துத் தாரேன். சில்க்.”

“புதுசு இன்னாத்துக்கும்மா? அத்த எம் பொண்ணு கட்னதில்லியே.”

மேடம் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து உதட்டுச் சாயம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த உதட்டுச் சாயத்தை வாங்கி அவர் நெற்றி முழுக்க நாமமாகப் போட்டிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மேடம் கேட்காவிட்டால் போகட்டும் என்று நாங்களே கிளம்பினோம். மஞ்சள் பை யார் யாருக்குப் போனது என்பது ரோசிக்குத் தெரியும், அவள்தான் மேடையில் பெயர் கூப்பிட்டவள். முதலில் ராயபுரத்தில் டோரதி டீச்சர். நான் பாதி சொல்லும்போதே அவர் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து, கழுவின கையால் அக்காவிடம் கொடுத்தார். “நீங்க கேக்க வேணாம், நானே கேக்கறேன்,” என்று பக்கத்திலிருந்த இரண்டு வீடுகளுக்கும் கூடவே வந்தார்.

எல்லோரும் டோரதி டீச்சர் இல்லை. ஒரு அம்மா, மஞ்சள் வாடை போகட்டும் என்று பையை பிளீச்சிங்கில் ஊறவைத்திருந்தார். இன்னொருத்தர் வீட்டுப் பையில் கருவாடு இருந்தது. அதைக் கொட்டிவிட்டுக் கொடுக்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

“பரவால்ல குடும்மா,” என்றாள் அக்கா. “அவளுக்குக் கருவாடுன்னா உசுரு.”

பக்ருதீன் பாய்க்கு விஷயம் தெரிந்ததும் பொங்கலன்று கடையைத் திறந்து உட்கார்ந்தார். “மஞ்ச தண்ணி வாசன வருதேன்னு கேட்டேம்மா. இயற்கைச் சாயம்னுட்டாங்க,” என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பையாகத் தையல் பிரித்துக் கொடுத்தார். செங்கொடி அவற்றை ராத்திரி பகலாகச் சேர்த்துத் தைத்தாள். கரையோடு கரை பொருத்தி, கை தேர்ந்த தையல். தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டு தெரியாது. ஆனால் முந்தானை இல்லை.

முந்தானையில் தைத்தது ஒரே பை என்று பாய் சொன்னார். தலைவி அம்மாவுக்கென்று மேடம் தனியாகக் கேட்டு வாங்கினாராம். நானும் அக்காவும் தலைவி அம்மா வீட்டுக்குப் போய் கேட்டுக்கு வெளியே நின்றோம். தலைவி அம்மா வெளியே வரவில்லை. சமையல்காரி ஒரு பையைக் கொண்டுவந்து காட்டினாள். அது நீலம், யாரோ ஒருத்தருடைய பழைய திரைச்சீலை. வேறு எதுவும் இந்த வீட்டுக்கு வரவில்லை என்றாள்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். “அப்ப எங்க போச்சோ. கூட்டத்துல யாரும் தூக்கிட்டுப் போயிருப்பாவ. ஒரு பைக்கு எத்தனை நாளுட்டி அலைவிய?” என்றார். அவர் தேடிப் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

முந்தானை இல்லாத புடவையை எந்தப் பெண் கட்டுவாள்? அந்த நிறத்தில் வேறு துணி வாங்கி ஒட்டலாம் என்று நான்தான் சொன்னேன். சொக்கம்மாள் அக்கா என்னைக் கோபமாகப் பார்த்தாள்.

“வேற துணி ஒட்னா அது வேற பொண்ணும்மா. மூஞ்சி இல்லாம கூப்ட்டா எம் மவ எப்டி வருவா?”

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானமே எர்ணாவூர் போய்விட்டேன். வீட்டுக்கு முன்னால் சின்னப் பந்தல். உள்ளே தலைவாழை இலையில் படையல் வைத்தாயிற்று: வடை, பாயசம், கருவாட்டுக் குழம்பு, வளையல், பூ. செங்கொடி அந்தப் புடவையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். தோளுக்கு வர வேண்டிய இடத்தில் துணி முடிந்துவிட்டது. மேலே ஒரு துண்டைப் போர்த்தியிருந்தாள். கற்பூரம் ஏற்றாமல் சொக்கம்மாள் அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளையின் அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னாம்மா இது, முந்தானி இல்லாத பொடவையக் கட்டிகினு பொண்ணு நிக்குது. அபசகுனமா கீதே. நேரம் ஆவுதுல்ல? ஏத்துறியா, நாங்க கெளம்பட்டா?”

“எங்க அக்கா வரட்டும் அத்தே,” என்றாள் செங்கொடி. அழவும் ஆரம்பித்துவிட்டாள். நான் போய் அவள் தோளில் நழுவின துண்டை மட்டும் சரிசெய்துவிட்டேன். நம்பிக்கை இல்லாதவள் ஆறுதல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த நேரத்தில் தெருமுனையில் கார் நின்றது. மேடம்.

எர்ணாவூர்த் தெருவில் மேடத்தின் காலடி பட்டது அதுதான் முதல் தடவை. பச்சைப் பட்டு, மூக்கில் கைக்குட்டை. பின்னாலேயே உள்ளூர் வாரப் பத்திரிகையின் போட்டோக்காரர். ஊழியர் மகளுக்குப் பசுமைத் திருமணப் பரிசு என்று செய்தி போடுவதாக ஏற்பாடு. சேற்றைத் தாண்டித் தாண்டி வந்து, பந்தலில் வெளிச்சம் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து நின்றார். அங்கே என்ன நின்றுபோயிருக்கிறது, எதனால் நின்றுபோயிருக்கிறது, அந்தத் துண்டைப் போர்த்திக்கொண்டு பெண் ஏன் அழுகிறாள் என்று அவர் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் பெண் அழுவது வழக்கம்தானே என்று நினைத்திருப்பார்.

“சொக்கம்மா, இங்க வா. மூஞ்சியை நேரா வச்சுக்கோ,” என்று சொல்லிப் பரிசை நீட்டினார்.

பரிசு ஒரு பையில் இருந்தது. மஞ்சள் பை. அரக்கில் அகலமான முந்தானைக் கரை, அதில் வரிசையாக அன்னம். பச்சை மையில் ‘பசுமையே அழகு’.

கூட்டத்தில் எவளோ தூக்கிக்கொண்டு போனதாக மேடம் சொன்ன பை. அழகாக இருக்கிறதே என்று மேடமே எடுத்து வீட்டில் வைத்துக்கொண்ட பை. அதை மறந்தும் போய், கைக்குக் கிடைத்ததில் பரிசைப் போட்டு எடுத்து வந்திருக்கிறார். நாங்கள் தெருத் தெருவாக அலைந்தது எந்தப் பைக்காக என்று அவருக்கு ஞாபகமே இல்லை. திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். திருடுகிறவளுக்கு அந்தப் பொருளின் மதிப்பாவது தெரிந்திருக்கும்.

நான் பாய்ந்து பிடுங்கியிருப்பேன். அதற்குள் சொக்கம்மாள் அக்கா எழுந்து வந்துவிட்டாள். இரண்டு கையாலும் பையை வாங்கினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு உள்ளே கையை விட்டு, இருந்ததை எடுத்தாள். அண்ணாச்சி கடை பிளாஸ்டிக் டப்பா, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினது. அதன் மேல் லேமினேட் செய்த யோசனை அட்டை. இரண்டையும் மேடத்தின் கையில் வைத்தாள். போட்டோக்காரர் அதுதான் சமயம் என்று படம் எடுத்தார்.

“உன் சாமான் உனுக்கு,” என்றாள் அக்கா. “எம் பொண்ணு வூட்டுக்கு வந்துட்டா. குந்தும்மா, சாப்ட்டுத்தான் போவணும்.”

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. டப்பாவைப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையோ தேடினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. செங்கொடி பிளேடால் பையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பந்தலில் இருந்த பெண்கள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். நாற்காலியை நான்தான் மேடத்துக்கு இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை, காருக்குப் போய்விட்டார்.

செங்கொடி முந்தானையை உடம்போடு வைத்துத் தைத்தாள். அச்சடித்த இடம் உள்ளே போகும்படி மடித்துத் தைத்தாள். தோளில் போட்டபோது அன்னங்கள் மட்டும்தான் தெரிந்தன. அக்கா கற்பூரம் ஏற்றி, “பூங்காவனம், வாம்மா, தங்கச்சிக்குக் கல்யாணம்,” என்று கூப்பிட்டாள். மாப்பிள்ளையின் அத்தைதான் முதலில் விழுந்து கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை. ஆனால் அழுதேன். சாம்பல் விழுந்தது என்று சொன்னால் எர்ணாவூரில் எல்லோரும் நம்புவார்கள், இருந்தாலும் அழுதேன் என்றுதான் சொல்வேன்.

படம் அடுத்த வாரமே பத்திரிகையில் வந்துவிட்டது. ‘ஏழை ஊழியர் மகளுக்குப் பசுமைப் பரிசு வழங்கிய அழகு நிலைய உரிமையாளர்.’ இரண்டு பேர் கையும் டப்பாவின் மேல் இருந்ததால் எழுதினவருக்குச் சந்தேகமே வரவில்லை. மேடத்துக்கும் வரவில்லை. அல்லது வந்து, கண்ணாடியைப் பார்த்து மறந்துவிட்டார். அதைப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார்.

சொக்கம்மாள் அக்கா இன்னும் அங்கேதான் பெருக்குகிறாள். கல்யாணக் கடன் கிடக்கிறது, போக வேறு இடம் இல்லை. அந்தப் படத்தையும் அவள்தான் தினம் துடைக்கிறாள். புதிதாக வருகிறவர்கள் யாராவது, “பரவால்லையே, உங்க மேடம் எவ்வளவு செய்யிறாங்க,” என்று சொன்னால் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வருவாள்.

“கிட்டப் போய் நல்லா பாரும்மா,” என்பாள். “குடுக்கறது நானு. வாங்கிக்கினது அவுங்க.”